ரிப்போர்ட்டில் "சராசரி", காலையில் கிளம்ப முக்கால் மணி நேரம்: குழந்தைகளின் நிர்வாகத் திறன் டெஸ்ட் பற்றி

ஜூன் 14, காலை 11.05 (வாசகி ஒருவரின் கேள்வி)

மகனுக்கு எட்டரை வயது. பள்ளியில் சொன்னதால் இரண்டு நாள் அழைத்துப் போய் நியூரோசைக்காலஜி டெஸ்ட் எடுத்தோம். எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் பகுதியில் எல்லாமே "சராசரி", ஒன்றில் "சராசரிக்கு மேல்". வீட்டில் கதையே வேறு. "சாக்ஸ் எடுத்துட்டு வா" என்று உள்ளே அனுப்பினால் பத்து நிமிடம் கழித்து சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், கையில் சாக்ஸ் இல்லை. காலையில் கிளம்ப வைக்க முக்கால் மணி நேரம் கத்துகிறேன். மாமியார், "டெஸ்ட்லயே ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க, நீதான் செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்க" என்கிறார். டெஸ்ட் தப்பா, நான் தப்பா?

ஜூன் 14, இரவு 10.40

நீங்கள் தப்பில்லை. டெஸ்ட்டும் பொய் சொல்லியிருக்கும் என்று தோன்றவில்லை. பதினோரு வருடமாகக் குழந்தைகளுக்கு இந்த டெஸ்ட்களை எடுக்கிறேன். மாதத்துக்கு மூன்று அம்மாக்களாவது இதே கேள்வியோடு வருகிறார்கள். அதில் பாதிப் பேர் அழுதுவிடுகிறார்கள்.

டெஸ்ட் எடுக்கும் அறையை நினைத்துப் பாருங்கள். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. சுவரில் படம் கிடையாது, ஃபேன் சத்தம் மட்டும். எதிரே நான். "இங்கே பாரு தம்பி. ஆரம்பிக்கலாமா? சரி, அடுத்தது." எப்போது தொடங்குவது, எதைப் பார்ப்பது, எப்போது நிறுத்துவது எல்லாவற்றையும் நானே சொல்கிறேன். ரிப்போர்ட்டில் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்று இருப்பதை நான் நிர்வாகத் திறன் என்று எழுதுகிறேன். அந்தத் திறன் என்பதே இதுதானே: யாரும் சொல்லாமல் தொடங்குவது, "சாக்ஸ்" என்பதை அறை தாண்டும்வரை மனதில் பிடித்து வைத்திருப்பது, பல்லியைப் பார்த்தும் விட்டுவிட்டு வருவது, சாக்ஸ் அலமாரியில் இல்லையென்றால் கொடியில் தேடுவது. இதில் பாதி வேலையை நான் அவனுக்காகச் செய்துகொண்டே, அவனிடம் அந்தத் திறன் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறேன்.

உங்கள் வீட்டில் காலை ஏழரை மணிக்கு அந்தப் பாதி வேலையை யாரும் செய்வதில்லை. குக்கர் விசில், அப்பா குளியல், தங்கச்சி அழுகை. அங்கே அவன் தனி.

ஜூன் 15, காலை 6.10

நேற்று "பாதி" என்று எழுதியதைக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆற்றாமையில் வந்த சொல்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை என்று காட்ட ஒரு பழைய கதை. 1985இல் எஸ்லிங்கர், டமாசியோ என்ற இரு மூளை ஆய்வாளர்கள் ஈ.வி.ஆர். என்ற நோயாளியைப் பற்றி எழுதினார்கள். நிர்வாகத் திறனுக்கு முக்கியமான மூளையின் முன்பகுதியில் கட்டி, அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகும் ஐ.க்யூ. உயரத்தில்தான் இருந்தது. முன்மூளைக்கான டெஸ்ட்களைக்கூட நன்றாகச் செய்தார். ஆனால் வேலை போயிற்று, குடும்பம் உடைந்தது. எந்த ஓட்டலில் சாப்பிடுவது என்று முடிவு செய்ய மணிக்கணக்கில் ஆகும். 1991இல் ஷாலிஸ், பர்ஜஸ் இருவரும் அப்படிப்பட்ட மூன்று பேரை மேஜையை விட்டுக் கடைத்தெருவுக்கே அனுப்பிவிட்டார்கள். இன்னின்ன பொருள் வாங்கு, இன்ன தகவலைக் கேட்டு வா, இந்த விதிகளை மீறாதே. மேஜையில் தெரியாதது தெருவில் தெரிந்தது.

குழந்தைகள் பக்கம் வந்தால், 2013இல் டோப்லாக், வெஸ்ட், ஸ்டானோவிச் மூவரும் 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெரியவர்களும் குழந்தைகளும் கலந்த ஆய்வுகள். டெஸ்ட் மதிப்பெண்ணுக்கும், அன்றாட நடத்தை பற்றிய கேள்வித்தாள் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பின் நடுமதிப்பு 0.19தான் (முழுக்க ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0). இரண்டும் ஒரே பெயரில் வேறு வேறு விஷயத்தை அளக்கின்றன என்றுதான் அவர்களும் எழுதினார்கள். உங்கள் ரிப்போர்ட்டும் உங்கள் காலைப்பொழுதும் ஒத்துப்போகாததில் அதிசயம் ஒன்றும் இல்லை. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். 0.19 எல்லாம் வேண்டாம், "அந்த ரூம்ல மிஸ் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தாங்க அத்தை" என்றால் போதும்.

ஜூன் 15, இரவு 11.30

"அப்போ அந்த டெஸ்ட்டே எதற்கு, காசுக்கா?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். கோபம் புரிகிறது. பதில் கொஞ்சம் நீளம்.

மதிப்பெண்ணுக்காக என்றால் எனக்கே அரைகுறை நம்பிக்கைதான். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் குழந்தை எப்படிச் செய்கிறது என்பதை வேறு எங்கும் அவ்வளவு பக்கத்தில் பார்க்க முடியாது.

டவர் ஆஃப் லண்டன் என்று ஒன்று. 1982இல் ஷாலிஸ் உருவாக்கியது. மூன்று குச்சிகள், உயரம் வேறு வேறு: ஒன்றில் மூன்று மணி போகும், அடுத்ததில் இரண்டு, கடைசியில் ஒன்றுதான். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று மணிகள். படத்தில் இருப்பதுபோல இத்தனை நகர்த்தலில் மாற்று. ஒரு நேரத்தில் ஒரு மணிதான். சென்ற மாதம் ஒரு பையன், ஏழு வயது. நான் விதியைச் சொல்லி முடிக்கும் முன்பே கை பச்சை மணியில். எடுத்துவிட்டான், எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் சிவப்பை எடுத்தான். "ஒண்ணுதான் எடுக்கணும்" என்றேன். "ஆமா மிஸ், தெரியும்" என்றான், இடது கையை மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டே. விதி அவனுக்குத் தெரியும். அடுத்த கணக்கில் அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு, கண்ணாலேயே மணிகளை நகர்த்திப் பார்த்தான். அப்புறம் சரியாகப் போட்டான். நான் சொல்லித்தரவில்லை, அவனாகக் கண்டுபிடித்த வழி. ரிப்போர்ட்டின் எண்ணில் இது எங்கும் வராது. நான் அதைத் தனி வரியாக எழுதி, வகுப்பில் கணக்கு போடும்போது பென்சிலை எடுக்கும் முன் பத்து விநாடி கையை மடியில் வைக்கச் சொல்லுங்கள் என்று ஆசிரியைக்குக் குறிப்பு கொடுத்தேன்.

இன்னொன்று, எட்டு வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கான பி.ஏ.டி.எஸ். என்ற நிர்வாகத் திறன் டெஸ்ட்டின் குழந்தைகள் தொகுப்பில் வரும் சாவி தேடல். வெள்ளைத் தாளில் ஒரு சதுரம். "இது ஒரு பெரிய மைதானம், உன் சாவி இதில் தொலைந்துவிட்டது, எப்படி நடந்து தேடுவாய், கோடு போட்டுக் காட்டு." சில குழந்தைகள் உழுவதுபோல வரிவரியாகப் போடுவார்கள். சிலர் வெளியிலிருந்து சுருண்டு உள்ளே வருவார்கள். சிலர் நடுவில் ஒரு புள்ளி வைத்து "இங்கதான் கிடக்கும்" என்பார்கள். "என்ன சாவி மிஸ், பைக் சாவியா? அப்பா திட்டுவாரா?" என்று கேட்டுவிட்டுப் பென்சிலைத் தொடாமலே இருந்த குழந்தையும் உண்டு. அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அன்று மெதுவாக விசாரித்தேன்.

ஜூன் 17, மதியம் 2.00

விஸ்கான்சின் கார்டு டெஸ்ட் பற்றிக் கேட்டவருக்கு: நிறம், வடிவம், எண்ணிக்கை, மூன்றில் எதை வைத்துப் பிரிப்பது என்று சொல்ல மாட்டோம், சரி அல்லது தப்பு மட்டும் சொல்வோம். தொடர்ந்து பத்து சரியானால் விதி சொல்லாமல் மாறும். பழைய விதியையே பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறோம். ஒரு தடவை ரகசியம் தெரிந்தால் போயிற்று. அதனால்தான் "மூணு மாசத்துல மறுபடி எடுங்க, முன்னேற்றம் பார்க்கணும்" என்றால் நான் மறுக்கிறேன். புதிதாக இருப்பதுதான் அந்த டெஸ்ட்டின் உயிர். தயவுசெய்து யூடியூபில் பார்த்துப் பழக்கி அழைத்து வராதீர்கள்.

ஜூன் 17, இரவு 9.15

சிறப்புக் கல்வி ஆசிரியை ஒருவர் கேட்டது நல்ல கேள்வி: வாசிக்கத் திணறும் பையனுக்கு ஸ்ட்ரூப்பில் நல்ல மதிப்பெண் வந்திருக்கிறதாம்.

வரும். 1935இல் ஸ்ட்ரூப் கண்டது என்ன? "சிவப்பு" என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சடித்து, மையின் நிறத்தைச் சொல் என்றால் தடுமாறுகிறோம். ஏன் தடுமாறுகிறோம்? வாசிக்காமல் இருக்க நம்மால் முடியாது. வாசிப்பு இன்னும் கைவராத குழந்தைக்கு அந்தச் சொல் வெறும் கோடு. தடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை. அவன் தன்னை அடக்கவில்லை, அடக்க வேண்டிய ஆசையே எழவில்லை. அந்த எண்ணை "தடுப்புத் திறன் நன்று" என்று எழுதினால் அது அந்தப் பையனுக்குச் செய்யும் அநியாயம்.

வாசிக்காத வயதுக்குப் பகல்-இரவு டெஸ்ட் இருக்கிறது. 1994இல் கெர்ஸ்டாட், ஹாங், டயமண்ட் மூவரும் செய்தது, மூன்றரை முதல் ஏழு வயது வரை. சூரியன் படத்துக்கு "ராத்திரி" என்று சொல்ல வேண்டும், நிலா படத்துக்கு "பகல்". நாலு வயசுப் பாப்பா ஒருத்தி நிலா அட்டை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு "பகல்" என்பாள். பார்த்தால் வாய் ராத்திரி என்று சொல்லிவிடும் என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது.

ஜூன் 18, காலை 5.50

தூக்கம் வரவில்லை. நேற்றைய பேச்சு மொழிப் பக்கம் போனதால் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்ததை எழுதிவிடுகிறேன்.

எண்வரிசையைத் திருப்பிச் சொல்லும் டெஸ்ட்: நான் ஏழு, மூன்று, ஒன்பது என்றால் குழந்தை ஒன்பது, மூன்று, ஏழு என்று சொல்ல வேண்டும். எந்த மொழியில்? ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை செவன் தவிர மற்றதெல்லாம் ஒரே அசை. பேச்சுத் தமிழில் நம் எண்கள் இரண்டு அசை, "ஒம்போது" மட்டும் மூன்று. மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பிடித்து வைக்க அதிக நேரம் ஆகும். வெல்ஷ் மொழியிலும் இதே பிரச்சினை. இரு மொழியும் தெரிந்தவர்களுக்கே வெல்ஷில் எண்வரிசை குறைவாக நினைவிருந்தது என்று 1980இல் எல்லிஸ், ஹென்னெலி காட்டினார்கள். ஆங்கில எண்களுக்குப் போட்ட அளவுகோலைத் தமிழில் கேட்ட எண்ணுக்கு வைத்து "நினைவு குறைவு" என்று எழுதிவிடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள். தமிழ் வழி மாணவர்களில் பலர் இன்று எண்ணை ஆங்கிலத்தில்தான் எண்ணுகிறார்கள். அதனால் டெஸ்ட்டுக்கு முன் பத்து ஒற்றை ரூபாய்க் காசைக் கொடுத்து எண்ணச் சொல்வேன். எந்த மொழியில் வாய் போகிறதோ அதில் கேட்பேன், எதில் கேட்டேன் என்று ரிப்போர்ட்டில் எழுதுவேன்.

அப்புறம் "க". ஒரு நிமிடத்தில் "க"வில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொல்வோம். எல்லாக் குழந்தைகளும் கேட்கும் கேள்வி: "கா வரலாமா மிஸ்?" ஆங்கிலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. நமக்கு க ஒரு எழுத்தா, க-வரிசையா? நான் வரிசை முழுவதும் வரலாம் என்று சொல்லிவிடுவேன், எல்லாருக்கும் ஒரே மாதிரி.

குளக்கரைக் கிராமத்திலிருந்து ஒரு பெண், ஒன்பது வயது. ஐந்து விநாடி பேசவே இல்லை. அப்புறம் விரலை மடக்கிக்கொண்டு ஆரம்பித்தாள். கல், கால், கிளி, கீரி, குதிரை, கூடை. நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். கெண்டை, கேணி, கை, கொக்கு, கோழி. கொஞ்சம் நின்று, உதட்டைக் கடித்து, கௌதாரி. பலகையில் எழுதிப் படித்த க கா கி கீயைப் படிக்கட்டாகப் போட்டு ஏறிவிட்டாள். பன்னிரண்டு சொல். ஒன்றுகூட இரண்டு தடவை வரவில்லை. அவளுக்கு முன் வந்த பையன் அதே நேரத்தில் பதினைந்து சொன்னான், அதில் மூன்று திரும்ப வந்தவை, நான்கு கண்ணில் பட்ட பொருள்கள். எண்ணைப் பார்த்தால் இருவரும் கிட்டத்தட்ட ஒன்று.

ஜூன் 18, காலை 8.30

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியது முழுசாக இல்லை. கௌதாரி சொன்ன பிறகு இன்னும் இருபது விநாடிக்கு மேல் இருந்தது. "முடிஞ்சிருச்சு மிஸ்" என்று சொல்லிக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னும் நேரம் இருக்கு கண்ணு" என்றேன். "வரிசை முடிஞ்சிருச்சே" என்றாள். திரும்பக் கல்லுக்கு வந்து கடல், கப்பல் என்று இன்னொரு சுற்றுப் போகலாம் என்று தோன்றவில்லை. திட்டம் போடுவதில் வலுவான குழந்தை, திட்டம் முடிந்ததும் மாற்றுவதில் திணறியது. இரண்டையும் எழுதினேன். விடியற்காலையில் பாராட்டை மட்டும் எழுதியது என் ஆசை.

ஜூன் 21, இரவு 10.05

இதை எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். முன்பு வேலை பார்த்த இடத்தில், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். காலை நாலரைக்கு எழுந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தான். வரிசையில் நின்று என்னிடம் வரும்போது மணி பன்னிரண்டு. புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும் டிரெயில் டெஸ்ட்டில் நிறம் மாற்றி மாற்றி இணைக்கும் பகுதி மிக மெதுவாக வந்தது. தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். பார்த்தேன். பார்த்தும் "கவன மாற்றத்தில் குறைவு, செயல்வேகம் குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக் கண் பரிசோதனையில் அவனுக்குக் கண்ணாடி வேண்டும் என்று தெரிந்தது. கண்ணாடி போட்டபின் அவன் கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறான் என்று அவன் அப்பா நேரில் வந்து சொன்னார். திட்டவில்லை. அந்த ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கி, திருத்தி எழுதிக் கொடுத்தேன். அதற்குள் அந்த இரண்டு வரியை வைத்து அவனைப் பின்பெஞ்சிலிருந்து "தனி கவனிப்பு" என்று வேறு வகுப்புக்கு மாற்றியிருந்தார்கள்.

அன்றிலிருந்து கண், காது பார்த்தாயிற்றா, காலையில் என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு எழுந்தான் என்ற நான்கு கேள்விக்கும் பதில் எழுதாமல் பெட்டியைத் திறப்பதில்லை. உங்கள் குழந்தைக்கு எடுப்பவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

ஜூன் 22, காலை 7.00

இந்த டெஸ்ட்டை வைத்து மாற்றுத் திறனாளி சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்ட அப்பாவுக்கு: நிர்வாகத் திறன் குறைவு என்பது நோயின் பெயர் இல்லை. 2016 மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் 21 வகைகள் இருக்கின்றன. கற்றல் குறைபாடு, ஆட்டிசம் உண்டு. ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவு, மிகைத் துறுதுறுப்பு) தனி வகையாக இல்லை. அப்புறம், ஏ.டி.எச்.டி.யை இந்த டெஸ்ட்கள் உறுதி செய்யவும் முடியாது, இல்லை என்று தள்ளவும் முடியாது. 2005இல் வில்கட் குழுவினர் 83 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகளின் சராசரி மதிப்பெண் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தக் குறைவு இல்லை. ஏ.டி.எச்.டி.யைக் கண்டறிவது வளர்ந்த கதையைக் கேட்டும், வீடு, பள்ளி இரண்டிலும் விசாரித்தும்தான்.

ஜூன் 23, மாலை 6.45

கடலை மிட்டாயை வைத்து வீட்டில் "மார்ஷ்மெல்லோ டெஸ்ட்" (இப்போதே தின்றால் ஒன்று, காத்திருந்தால் இரண்டு) செய்து பார்த்து, மகள் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை என்று கவலைப்பட்டவருக்கு. 2013இல் அமெரிக்காவின் ரோசெஸ்டரில் கிட், பால்மேரி, ஆஸ்லின் மூவரும் 28 குழந்தைகளிடம் ஒரு சின்ன வேலை செய்தார்கள். முதலில் பாதிப் பேருக்கு "நல்ல கிரேயான் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். மீதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டு வந்தார்கள். அப்புறம்தான் மிட்டாய். ஏமாந்தவர்கள் சராசரியாக 3 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாறாதவர்கள் 12 நிமிடம். "முடிச்சா ஃபோன் தர்றேன்" என்று சொன்னபடி இந்த வாரம் எத்தனை தடவை கொடுத்தோம் என்று பார்த்துவிட்டு அந்தக் குழந்தையைப் பற்றி முடிவு செய்யலாம்.

ஜூன் 26, இரவு 11.10

இரண்டாம் யோசனை. 15ஆம் தேதி எழுதியதைப் படித்தால், டெஸ்ட் சந்தேகத்துக்குரியது, கேள்வித்தாள்தான் உண்மை என்ற தொனி இருக்கிறது. அது சரியில்லை. பிரீஃப் என்ற கேள்வித்தாள் 2000இல் வந்தது. அம்மா, அப்பா, ஆசிரியர் நிரப்புவார்கள். போன வாரம் ஒரே பையனுக்கு மூன்று தாள் வந்தது. அம்மாவின் தாளில் "அடிக்கடி" வரிசை முழுக்க டிக். அப்பாவின் தாளில் "ஒருபோதும் இல்லை". ஆசிரியையின் தாள் நடுவில். அம்மா தினமும் காலையில் கூட இருப்பவர், அதோடு தூக்கமில்லாதவர். அப்பா ஞாயிறு மட்டும் பார்ப்பவர். ஆசிரியைக்கு நாற்பது குழந்தைகள். மூவரும் உண்மையைத்தான் எழுதினார்கள். தாள் குழந்தையை அளக்கும்போது நிரப்புபவரின் களைப்பையும் சேர்த்து அளக்கிறது.

எந்த அளவுகோலில் அளந்தோம் என்பதும் இருக்கிறது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில் 2004இல் குழந்தைகளுக்காக வெளியான டெஸ்ட் தொகுப்பு 5 முதல் 15 வயது வரை நம் நாட்டுக் குழந்தைகளை வைத்து அளவு எடுத்தது. வெளிநாட்டு டெஸ்ட்டை வெளிநாட்டு அளவுகோலோடு எடுத்திருந்தால் "சராசரி" என்பது எந்த ஊர்ச் சராசரி என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

முதலில் கேட்ட அம்மாவுக்கு ஒரு வேலை. ஞாயிறு காலை, அவசரம் இல்லாத நேரத்தில், பள்ளிக்குக் கிளம்புவதுபோல எல்லாவற்றையும் செய்யச் சொல்லுங்கள். ஒரு தடவை மட்டும் சொல்லுங்கள். அப்புறம் பதினைந்து நிமிடம் பேசாமல், என்ன செய்கிறான் என்று நேரம் போட்டு எழுதுங்கள். "சோம்பேறித்தனம்" என்பதுபோல எழுத வேண்டாம். கை எங்கே போனது, கால் எங்கே நின்றது, அது மட்டும்.

ஜூன் 30, இரவு 9.40

அவர் எழுதி அனுப்பிவிட்டார். அனுமதியோடு சில வரிகள்.

"9.02 சட்டை போட்டான், இரண்டு பட்டன். 9.04 ஜன்னல். 9.07 நான் வாசல்படியில் வந்து நின்றேன், பேசவில்லை. என்னைப் பார்த்தான், மீதி பட்டன் போட்டான். நான் சமையலறைக்குப் போனேன். 9.09 பையைத் திறந்தான், ரப்பரை எடுத்து முகர்ந்து பார்த்தான். 9.12 மறுபடி நின்றேன். தண்ணீர் பாட்டில் எடுத்தான். 9.13 போனேன். 9.16 பாட்டிலைக் கையில் வைத்தபடி பல்லி."

நான்கு தடவை படித்தேன். அவர் படியில் நின்றபோதெல்லாம் பையன் நகர்ந்திருக்கிறான். ஒரு சொல்கூடச் சொல்லாமல், நின்றதே போதுமாக இருந்திருக்கிறது. டெஸ்ட் அறையில் அந்தப் படியில் நின்றது யார் என்று இப்போது தெரிகிறதா? இந்தத் தாளை ரிப்போர்ட்டோடு பின் அடித்து, டெஸ்ட் எடுத்தவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு பத்தி எழுதித் தரச் சொல்லுங்கள்.

படியில் நீங்கள் நிற்க முடியாத காலை நேரத்துக்கு: சட்டை, சாக்ஸ், பாட்டில், பை என்று நான்கு படம் அவனையே வரையச் சொல்லி, அவன் கண் உயரத்தில் கதவில் ஒட்டுங்கள். முடிந்ததும் ஒவ்வொன்றையும் திருப்பி வைக்கட்டும்.

ஜூலை 1, காலை 6.20

ஆமாம், ஐந்தாவதாகப் பல்லியையும் வரைய வேண்டும் என்று கேட்கிறானாம். வரையட்டும். அதைப் பைக்கு அப்புறம் கடைசியில் ஒட்டுங்கள். நான்கையும் திருப்பிவிட்டு வந்தால் பஸ் வரும்வரை பல்லி பார்க்கலாம்.